பாத்தி, பை, ஒட்டுப் போர்வை: வீட்டிலிருக்கும் தாய்மார்களுக்கான முதல் மூன்று கைவேலைகள்

தோட்டம், தையல், ஒட்டுப் போர்வை ஆகிய மூன்றும் சிலாங்கூரின் தஞ்சோங் காராங் வட்டாரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருக்கும் ஒரு தாய் பெரிய செலவின்றிக் கற்கக்கூடிய கைவேலைகள். வேண்டிய பொருள்களில் பாதி அக்கம்பக்கத்திலேயே கிடைக்கிறது. நெல் ஆலைகளில் உமி கிடைக்கும். ஆடு வளர்ப்போரிடம் எரு கிடைக்கும். அலமாரியின் அடித்தட்டில் உடுத்தாத நூல் சேலைகள் இருக்கும்.

புதியவர்களின் வேலை பெரும்பாலும் தொடங்குவதற்கு முன்பே கெடுகிறது. மண்ணைச் சீர்செய்யாமல் விதைப்பது, துணியைத் துவைக்காமல் வெட்டுவது, ஒரு முறைகூட அளக்காமல் தைப்பது ஆகிய மூன்றும்தான் முக்கியக் காரணங்கள். ஆகவே இந்த அத்தியாயத்தில் ஆயத்த வேலைக்குக் கூடுதல் இடம் தரப்பட்டுள்ளது. ஒவ்வொரு கைவேலைக்கும் ஒரே ஒரு சிறு இலக்கு: தோட்டத்தில் ஒரு பாத்தி, தையலில் ஒரு துணிப்பை, பின்பு ஒரு ஒட்டுப் போர்வை. ஒன்றை முடித்த பிறகே அடுத்ததைத் தொடங்க வேண்டும்.

நேரத்தைப் பிரித்தல்

இவ்வட்டாரத்தில் காலை பத்து மணிக்கு மேல் வெயிலில் மண்வெட்டி பிடிப்பது கடினம். பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றதும் தோட்டத்தில் ஒரு மணி நேரம் போதும். வெயில் ஏறிய பிறகு வீட்டுக்குள் தையல் வேலை. மாலை ஐந்தரைக்கு மேல் செடிகளுக்குத் தண்ணீர். சிறு குழந்தை விழித்திருக்கும்போது துணி மடிப்பது, விதை பிரிப்பது, துண்டுகளை அடுக்குவது போன்ற வேலைகளை வைத்துக்கொள்ளலாம். கத்தரிக்கோல், ஊசி, இஸ்திரிப் பெட்டி மூன்றும் குழந்தை தூங்கும் நேரத்துக்கு மட்டும்.

பகுதி 1: ஒரு பாத்தி

1974-இல் துன் அப்துல் ரசாக் பிரதமராக இருந்தபோது தொடங்கப்பட்ட பச்சைப் புத்தகத் திட்டம், வீட்டு முற்றத்தில் காய்கறி போடுவதை மலேசியா முழுவதும் ஊக்குவித்தது. எஸ்டேட் லயங்களில் அதற்கு முன்பிருந்தே வீட்டுக்குப் பின்புறம் முருங்கை, கறிவேப்பிலை, கீரை என்று ஒரு துண்டு நிலம் இருந்தது. தாமான் வீடுகளில் இடம் குறைவு. ஆனாலும் 1 மீட்டர் அகலம், 2 மீட்டர் நீளம் கொண்ட ஒரு பாத்தி, தொடங்குவதற்குத் தாராளம்.

*மண்ணை அறிதல்*

கடற்கரைப் பக்கமும் வயல்வெளிப் பக்கமும் கனத்த களிமண். மழையில் தண்ணீர் தேங்கும், வெயிலில் வெடிக்கும். ராஜா மூசா காட்டுப் பக்கம் உள்நோக்கிப் போனால் கம்புட் எனப்படும் கறுத்த சதுப்பு மண். பார்வைக்கு எரு போல இருந்தாலும் அது கடும் புளிப்பு மண். செடிக்கு வேண்டிய சத்து அதில் குறைவு. எந்த மண் என்று அறிய எளிய வழி உண்டு. ஈரமான ஒரு பிடி மண்ணைக் கையில் அழுத்தி உருட்ட வேண்டும். கயிறு போல நீண்டு உடையாமல் நின்றால் களிமண். பழுப்பு நீர் வழிந்து, நார் நாராகக் கையில் தங்கினால் கம்புட்.

*பாத்தி தயாரிக்கும் படிகள்*

1. நாளில் குறைந்தது ஐந்து மணி நேரம் வெயில் படும் இடத்தைத் தேர்ந்தெடுத்தல். வீட்டுக் கூரைத் தண்ணீர் கொட்டும் இடம் ஆகாது.
2. புல்லை வேரோடு களைதல். வெட்டிய புல்லை எரிக்கக் கூடாது. வெட்டவெளியில் குப்பை எரிப்பது சட்டப்படி குற்றம். கம்புட் நிலத்தில் வறட்சிக் காலத்தில் வைக்கும் தீ மண்ணுக்குள்ளேயே பரவி நாள்கணக்கில் புகையும்.
3. ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திக் கட்டிகளை உடைத்தல். மழை பெய்த மறுநாள் களிமண்ணைக் கொத்தக் கூடாது. சேறாகிக் காய்ந்ததும் செங்கல்லாக இறுகிவிடும்.
4. சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம் வரை விவசாயச் சுண்ணாம்புத் தூளைத் தூவிக் கலத்தல். கம்புட் மண்ணுக்கு இதைவிடக் கூடுதலாக வேண்டியிருக்கும். சுண்ணாம்பு போட்ட பின் இரண்டு வாரம் பொறுக்க வேண்டும்.
5. இரண்டு வாரம் கழித்து, நன்கு மக்கிய ஆட்டெரு அல்லது கோழி எருவை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, அதன்மேல் கருக்கிய உமியை ஒரு விரல் கனத்துக்குத் தூவிக் கிளறுதல். பச்சைக் கோழி எரு சூடு மிகுந்தது. நாற்றின் வேரைக் கருக்கிவிடும்.
6. பாத்தியைத் தரையிலிருந்து 20 முதல் 30 செ.மீ. வரை உயர்த்திக் கட்டி, சுற்றிலும் தண்ணீர் வடிய சிறு வாய்க்கால் எடுத்தல்.

குறிப்பு: சிமெண்டுத் தரை மட்டுமே உள்ள வீட்டில் பழைய வாளிகளும் அரிசி மூட்டைப் பைகளும் போதும். மண் மூன்று பங்கு, எரு இரண்டு பங்கு, கருக்கிய உமி ஒரு பங்கு. அடியில் ஐந்தாறு துளைகள் கட்டாயம்.

*எதை விதைப்பது*

முதல் பாத்திக்கு மூன்று பயிர் போதும்: காங்கோங், கீரை, வெண்டை. முதல் இரண்டும் ஏறத்தாழ ஒரு மாதத்தில் சமையலுக்கு வரும். வெண்டை விதைத்த 45 முதல் 55 நாளில் காய்க்கத் தொடங்கும். மிளகாயும் கத்தரியும் நோய்க்கு எளிதில் ஆளாகும் பயிர்கள். அவற்றை இரண்டாம் முறைக்கு வைத்துக்கொள்வது நல்லது.

1. காங்கோங் விதையையும் வெண்டை விதையையும் தனித்தனியே ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்தல்.
2. பாத்தியின் ஒரு பாதியில் வெண்டை: செடிக்குச் செடி 45 செ.மீ., வரிசைக்கு வரிசை 60 செ.மீ. குழிக்கு இரண்டு விதை, ஒன்றரை செ.மீ. ஆழம். முளைத்த பின் வலுவான செடியை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும்.
3. மறுபாதியில் காங்கோங்கும் கீரையும்: 15 செ.மீ. இடைவெளியில் கோடு கீறித் தூவுதல். கீரை விதை மிகச் சிறியது. ஒரு பங்கு விதையுடன் ஐந்து பங்கு மணல் சேர்த்துத் தூவினால் ஒரே இடத்தில் குவியாது.
4. பூவாளியால் மெல்லத் தண்ணீர் விடுதல். குழாயை நேரே பிடித்தால் விதை அடித்துச் செல்லப்படும்.
5. காங்கோங்கைப் பிடுங்காமல், அடியில் 5 செ.மீ. விட்டு அறுத்தல். மீண்டும் துளிர்க்கும்.
6. வெண்டைக்காயை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தல். பறிக்காமல் விட்ட காய் முற்றி நாராகும். செடியும் புதுப் பூ விடுவதைக் குறைத்துக்கொள்ளும்.

*பூச்சியும் நோயும்*

இலையின் அடிப்பக்கத்தில் அசுவினியோ வெள்ளை ஈயோ தெரிந்தால், ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில துளி பாத்திரம் கழுவும் சோப்பும் கலந்து, மாலையில் அடிப்பக்கம் நனையத் தெளிக்க வேண்டும். வெயிலில் தெளித்தால் இலை கருகும். வெண்டை இலையின் நரம்புகள் மஞ்சளாக வலை போலத் தெரிந்தால் அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுநோய். அதற்கு மருந்தில்லை. அந்தச் செடியைப் பிடுங்கிப் பையில் கட்டி எறிய வேண்டும்.

வயலை ஒட்டிய வீடுகளில் இன்னொரு கவனமும் தேவை. நெல்லுக்கு மருந்தடிக்கும் நாள்களில் காற்றில் அது பாத்திக்கும் வரும். மருந்தடிப்பது தெரிந்தால் பாத்தியை மூடி வைத்து, சில நாள் கழித்தே கீரை பறிக்க வேண்டும். 

*தோட்டத்தில் பாதுகாப்பு*

- வெறுங்காலுடன் ஈர மண்ணில் இறங்கக் கூடாது. எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் வரும். ரப்பர் பூட்ஸ், கையுறை இரண்டும் வாங்க வேண்டிய முதல் பொருள்கள். கை கால்களில் புண் இருந்தால் அது ஆறும்வரை மண் வேலை வேண்டாம்.
- நத்தைகளைக் கையால் தொடக் கூடாது. அவற்றில் மூளை உறையைத் தாக்கும் புழு இருக்கக்கூடும். இடுக்கியால் எடுக்க வேண்டும். நத்தை ஊர்ந்த கீரையைப் பச்சையாக உண்ணாமல், கழுவி நன்கு வேகவைக்க வேண்டும்.
- செம்பனைத் தோப்பை ஒட்டிய வீடுகளுக்கு எலியைத் தேடி நாகம் வரும். பலகை, தேங்காய் மட்டை, பழைய தகரம் ஆகியவற்றைப் பாத்தி ஓரத்தில் குவிக்கக் கூடாது.
- தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு, காலி வாளி, பூவாளி ஆகியவற்றில் தேங்கும் தண்ணீரில் ஏடிஸ் கொசு ஒரு வாரம் பத்து நாளில் முட்டையிலிருந்து கொசுவாகிவிடும். வாரம் ஒரு நாள் எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்க்க வேண்டும். வீட்டில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அபராதம் உண்டு.
- எஸ்டேட்டில் மருந்தடிக்கும் வேலையைப் பல காலம் பெரும்பாலும் பெண்களே சுமந்தார்கள். அக்காலத்துப் புட்டிகள் சில வீடுகளின் பின்கட்டில் இன்னும் கிடக்கலாம். பாராகுவாட் களைக்கொல்லி மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. அதை வீட்டில் வைத்திருக்கவே கூடாது. எந்த மருந்துப் புட்டியையும் கழுவித் தண்ணீர் ஊற்றப் பயன்படுத்தக் கூடாது.

பகுதி 2: ஒரு துணிப்பை

சிலாங்கூரில் 2017-இல் கடைகளில் நெகிழிப் பைக்கு 20 சென் கட்டணம் விதிக்கப்பட்டது. பசார் மாலாமுக்கும் மளிகைக் கடைக்கும் எடுத்துச் செல்லும் துணிப்பை, தைத்த அன்றே பயன்படும் பொருள். நேர்கோட்டுத் தையல் மட்டுமே தெரிந்தால் போதும். ஆகவே முதல் தையலுக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை.

*மிஷினைப் பழகுதல்*

அம்மாவோ மாமியாரோ விட்டுச்சென்ற பழைய கால் மிஷினும் நல்லதே. வேகம் காலின் கட்டுப்பாட்டில் இருப்பதால் புதியவர்களுக்கு அது எளிது.

1. நூல் கோக்காமல், கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டுத் தாளில் கோட்டின்மேல் ஓட்டிப் பழகுதல். பத்துத் தாள் நேராக வந்த பின் துணிக்குப் போகலாம். தாளில் ஓட்டிய ஊசி மழுங்கிவிடும். துணிக்குப் புது ஊசி மாற்ற வேண்டும்.
2. சக்கரத்தை எப்போதும் தன் பக்கமாகச் சுற்றுதல். எதிர்ப்பக்கம் சுற்றினால் நூல் சிக்கும்.
3. மேல் நூல் கோக்கும்போது அழுத்துப் பாதத்தைத் தூக்கி வைத்தல். பாதம் இறங்கியிருந்தால் நூல் இறுக்கத் தட்டுகளுக்குள் இறங்காது. துணியின் அடிப்பக்கம் நூல் வளையம் வளையமாகத் தொங்கினால் இதுவே பெரும்பாலும் காரணம். பாபினைத் திருகுவதற்கு முன் மேல் நூலை எடுத்து மறுபடி கோக்க வேண்டும்.
4. துணிக்கேற்ற ஊசி: மெல்லிய சேலைத் துணிக்கு 11, சாதாரணக் காட்டனுக்கு 14, ஜீன்ஸ் துணிக்கு 16.
5. தையல் நீளம் 2.5 மி.மீ. தொடக்கத்திலும் முடிவிலும் மூன்று தையல் முன்னும் பின்னும் ஓட்டிக் கெட்டிப்படுத்துதல்.

*பை தைக்கும் படிகள்*

தேவை: கனமான காட்டன் துணி 40 செ.மீ. அகலம், 90 செ.மீ. நீளம் ஒரு துண்டு. கைப்பிடிக்கு 8 செ.மீ. அகலம், 60 செ.மீ. நீளம் இரண்டு துண்டு.

1. துணியைத் துவைத்துக் காயவைத்து இஸ்திரி போடுதல். புதுக் காட்டன் முதல் துவைப்பில் சுருங்கும். தைத்த பின் சுருங்கினால் பை கோணும்.
2. இரண்டு முறை அளந்து, டெய்லர் சாக்கால் கோடு போட்ட பிறகே வெட்டுதல்.
3. கைப்பிடித் துண்டின் இரு நீள ஓரங்களையும் நடுக்கோடு வரை மடித்து, மறுபடி பாதியாக மடித்தல். 2 செ.மீ. அகலமுள்ள நான்கு அடுக்குப் பட்டை கிடைக்கும். இருபுறமும் ஓரத்தையொட்டித் தைத்தல்.
4. பெரிய துண்டின் 40 செ.மீ. அகலமுள்ள இரு முனைகளையும் உட்புறமாக முதலில் 1 செ.மீ., பின்பு 3 செ.மீ. மடித்து இஸ்திரி போடுதல்.
5. ஒரு முனையில், பக்க ஓரங்களிலிருந்து 12 செ.மீ. தள்ளி, கைப்பிடியின் இரு நுனிகளையும் மடிப்புக்குள் செருகுதல். பட்டை முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக் குண்டூசி குத்துதல். மறுமுனைக்கும் இதே அளவு.
6. மடிப்பின் கீழ் ஓரத்தில் ஒரு கோடு தைத்தல். பின் கைப்பிடியை மேல்நோக்கித் திருப்பி, மடிப்பின்மேல் சதுரமும் அதற்குள் குறுக்குக் கோடுகளும் தைத்தல். சுமை தாங்குவது இந்தத் தையலே.
7. நல்ல பக்கம் உள்ளே வர, துணியைப் பாதியாக மடித்து, இரு பக்கங்களையும் 1.5 செ.மீ. விட்டுத் தைத்தல். விளிம்பு பிரியாமல் ஜிக்ஜாக் ஓட்டுதல். கால் மிஷினில் அந்த வசதி இல்லையென்றால் கையால் சுற்றித் தைத்தல்.
8. பையைத் திருப்பி மூலைகளைத் தள்ளிவிடுதல். ஏறத்தாழ 37 செ.மீ. அகலம், 41 செ.மீ. உயரமுள்ள பை தயார்.

*அடிக்கடி நேரும் தவறுகள்*

- துணியைக் கையால் இழுத்துத் தைப்பது. மிஷினின் பற்களே துணியை நகர்த்தும். கையின் வேலை வழிகாட்டுவது மட்டும். இழுத்தால் ஊசி வளையும், உடையும்.
- குண்டூசியின்மேல் ஓட்டுவது. ஊசி முறிந்து கண்ணுக்குத் தெறிக்கலாம். பாதம் நெருங்குமுன் குண்டூசியை எடுக்க வேண்டும்.
- துணி வெட்டும் கத்தரிக்கோலால் தாள் வெட்டுவது. முனை மழுங்கித் துணியை மெல்லத் தொடங்கும்.

பாதுகாப்பு: ஊசி மாற்றும்போதும் எண்ணெய் விடும்போதும் பிளக்கைக் கழற்ற வேண்டும். மாலை இடிமழை தொடங்கினால் மின்சார மிஷினின் பிளக்கைக் கழற்றிவிடுவது நல்லது. குண்டூசிகளை எண்ணி எடுத்து, முடிந்ததும் எண்ணி வைக்க வேண்டும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் தரையில் விழுந்த ஓர் ஊசியும் ஆபத்து.

பகுதி 3: ஒரு ஒட்டுப் போர்வை

பழைய துணிகளை அடுக்கித் தைக்கும் வழக்கம் இந்தியாவில் பல இடங்களில் உண்டு. வங்காளத்தில் பழைய சேலைகளை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டு காந்தா செய்கிறார்கள். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் செய்வது கவந்தி. நடுவில் சேலை அடுக்கு, மேலே துண்டுத் துணிகள். ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றிக் கையால் தைத்து முடிப்பார்கள். பஞ்சு வேண்டாம், சட்டம் வேண்டாம், துண்டுகள் ஒரே அளவாகவும் வேண்டாம். தஞ்சோங் காராங் வெக்கைக்குப் பஞ்சு அடைத்த கனத்த போர்வை ஒத்துவராது. சேலை அடுக்கின் மென்மையே பொருத்தம். ஆகவே இங்கே தரப்படுவது கவந்தி முறையைத் தழுவியது.

*துணித் தேர்வு*

நூல் துணி மட்டும். நைலக்ஸும் பாலியெஸ்டரும் வியர்வையை உறிஞ்சா. இஸ்திரிச் சூட்டில் உருகும். சந்தேகமிருந்தால் ஒரே ஓர் இழையை இடுக்கியில் பிடித்து, கழுவுதொட்டியின்மேல் தீக்குச்சியில் காட்டிப் பார்க்கலாம். காகிதம் எரியும் மணம் வந்து சாம்பலானால் நூல். உருகிக் கெட்டி மணியானால் செயற்கை இழை. சிவப்பு, கருநீலத் துணிகளைத் தனியே ஊறவைத்துச் சாயம் போகிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாம் அலசலிலும் தண்ணீர் நிறம் மாறினால் அந்தத் துணியை விட்டுவிடுவது நல்லது.

*அளவு*

முடிந்த போர்வை 100 செ.மீ. சதுரம். ஐந்தரை மீட்டர் நீளமும் ஏறத்தாழ 115 செ.மீ. அகலமும் உள்ள ஒரு நூல் சேலையில் அடித்துணிக்கு 106 செ.மீ. சதுரம் ஒன்றும், நடு அடுக்குக்கு 100 செ.மீ. சதுரம் இரண்டும் வெட்டிய பிறகும் இரண்டு மீட்டருக்கு மேல் மிஞ்சும். மேல்பக்கத்துக்கு 12 செ.மீ. துண்டுகள் ஏறத்தாழ 100 வேண்டும். மடிப்பும் செருகலும் போக ஒவ்வொன்றும் 10 செ.மீ. தெரியும். பிள்ளைகளின் சிறுத்துப்போன சட்டை, பாவாடை, பை தைத்து மிஞ்சியது எல்லாம் இதற்கு உதவும்.

*தைக்கும் படிகள்*

1. அடித்துணியை நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரித்து, சுருக்கமில்லாமல் நீவி, நடு அடுக்குகளை அதன்மேல் வைத்தல். சுற்றிலும் 3 செ.மீ. விளிம்பு வெளியே தெரிய வேண்டும்.
2. நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, பெரிய பெரிய தற்காலிகத் தையல்களை 10 செ.மீ. இடைவெளியில் ஓட்டுதல். ஓரத்திலிருந்து நடுவுக்கு ஓட்டினால் நடுவில் துணி குவியும்.
3. வெளியே தெரியும் 3 செ.மீ. விளிம்பை நடு அடுக்கின்மேல் மடித்தல்.
4. ஒரு மூலையில் முதல் துண்டை வைத்து, வெளிப்புற ஓரங்களை 1 செ.மீ. உள்மடித்து, போர்வையின் விளிம்போடு ஒட்டி ஓட்டுத் தையல் போடுதல். ஊசி எல்லா அடுக்குகளையும் துளைத்து அடியில் வர வேண்டும்.
5. முதல் துண்டு முடியுமுன் அடுத்த துண்டை 1 செ.மீ. அதன் அடியில் செருகித் தொடர்தல். முதல் துண்டின் அந்த ஓரத்தை உள்மடித்து மேலே தைத்தால் பிசிறு தெரியாது.
6. நான்கு பக்கமும் சுற்றி வந்த பின், ஒன்றரை செ.மீ. உள்ளே தள்ளி அடுத்த சுற்று. இப்படியே நடுவை நோக்கிச் செல்லுதல். தைத்த பகுதியை நெருங்கும்போது தற்காலிகத் தையலைப் பிரித்துக்கொள்ளலாம்.
7. நடுவில் கடைசித் துண்டின் நான்கு ஓரங்களையும் உள்மடித்து மூடுதல்.
8. விருப்பமிருந்தால் நான்கு மூலைகளிலும் சிறு துணியை முக்கோணமாக மடித்துச் செருகித் தைத்தல். சித்திப் பெண்கள் தங்கள் கவந்தியின் மூலைகளில் இத்தகைய முக்கோணப் பூக்களை வைப்பதை விடுவதில்லை.

குறிப்புகள்: நூலை ஒரு கை நீளத்துக்கு மேல் எடுக்கக் கூடாது, நீண்ட நூல் முடிச்சு விழும். முடிச்சை அடுக்குகளுக்கு நடுவே மறைக்க வேண்டும். நடுவிரலுக்கு உலோக விரலுறை அணிந்தால் நான்கு அடுக்கைத் தள்ளுவது எளிது. நாளுக்கு ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டால் கண்ணும் தோளும் வலிக்காது.

பாதுகாப்பு: ஒரு வயது நிறையாத குழந்தை தூங்கும்போது போர்வை, தலையணை எதையும் தொட்டிலில் போடக் கூடாது, முகத்தை மூடி மூச்சுத் திணறலாம். அந்த வயதில் இதைத் தரை விரிப்பாகப் பயன்படுத்தலாம். குழந்தையிடம் தருமுன் இரு பக்கமும் உள்ளங்கையால் தடவி, ஊசி எதுவும் தங்கவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும்.

பராமரிப்பும் அடுத்த கட்டமும்

இவ்வட்டாரத்து ஈரக்காற்றில் எல்லாம் பூஞ்சை பிடிக்கும். போர்வையை வெயிலில் முழுதாகக் காயவைத்த பிறகே மடித்து வைக்க வேண்டும். மிஷினின் பாபின் பகுதியில் சேரும் பஞ்சைச் சிறு தூரிகையால் துடைத்து, மாதம் ஒரு முறை இரண்டு துளி மிஷின் எண்ணெய் விட வேண்டும். மிஞ்சிய விதைகளைக் காற்றுப் புகாத புட்டியில் அடைத்துக் குளிர்பெட்டியில் வைக்கலாம். கனமழை மிகுந்த அக்டோபர், நவம்பரில் புதுக் கீரை விதைப்பைக் குறைத்து, தையலுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்கலாம்.

முதல் பாத்தியில் மூன்று அறுவடை வந்ததும் கத்தரியும் நீளப் பயறும் சேர்க்கலாம். இரண்டு பைகள் நேராக வந்ததும் தலையணை உறை, பிறகு குழந்தையின் பாவாடை என்று போகலாம். நேரில் கற்க விரும்புவோருக்குக் கெமாஸ் எனப்படும் சமூக மேம்பாட்டுத் துறை கிராமப்புறப் பெண்களுக்குத் தையல் உள்ளிட்ட கைத்தொழில் வகுப்புகள் நடத்துகிறது. மண், விதை, பூச்சி பற்றிய கேள்விகளுக்கு மாவட்ட விவசாய அலுவலகத்தை அணுகலாம்; நோயுற்ற இலையைப் பையில் போட்டு எடுத்துச் சென்றால் பதில் விரைவாகக் கிடைக்கும்.